ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல

அட, ஏறுங்கக்கா. கம்பெனி சாட்சி ஓட்டுற காடியில வேலை போன ஆளு ஏறக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல. நான் படிச்சுப் பாத்துட்டேன். நீங்க கோலா கெத்தில்லேருந்து பஸ் புடிச்சு சுங்கைப்பட்டாணி போயி, அங்க இன்னொரு பஸ்சுக்கு நின்னு, அலோர்ஸ்டார்ல எறங்கி, தொழிலாளர் ஆபீஸ் எங்கன்னு நாலு பேரக் கேட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள, மருதம்மாள் வரல, கேஸ் முடிஞ்சதுன்னு எழுதிட்டு அவங்க டீக்கடையில தே தாரே குடிக்கப் போயிருப்பாங்க. பத்து மணின்னா பத்து மணிதான். பெல்ட்டப் போடுங்க. இல்லக்கா, வெடுக்குனு இழுத்தா அது புடிச்சுக்கும். மெதுவா. மெதுவா இழுங்க. ஆங்.

என்ன பாக்குறீங்க, அந்த ஃபைலையா? ஆமா, நான் சொல்ல வேண்டியதெல்லாம் அதுலதான் இருக்கு. நம்ம டைரக்டர், டாக்டர் மெய்யப்பன் டைப் அடிச்சுக் குடுத்தாரு. நான் என்ன நெனைக்கிறேன்னு எனக்கே டைப் அடிச்சுக் குடுக்குறாரு, எவ்வளவு பெரிய மனசு பாருங்க. மனுசன் சீமைக்குப் போயி டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்தவரு. சுங்கைப்பட்டாணியில அவங்கப்பா துணிக்கடையிலயே நின்னிருந்தா, சேலை மடிக்கவாவது கத்துக்கிட்டிருப்பாரு.

சரி, உங்கள ஒண்ணு கேக்குறேன். எதுக்கு உங்கள வேலைய விட்டுத் தூக்குனாங்க? சொல்லுங்க பாப்போம். ஆபீசர் இதத்தான் மொதல்ல கேப்பாரு.

மெசினக் கெடுத்துட்டீங்களா? போச்சு. மெசின்னு சொன்னீங்க, தோத்தீங்க. உங்களுக்குக் குடுத்த கடுதாசிய யாரும் படிச்சுக் காட்டலையா? சரஸ்வதி பூசை அன்னிக்கு சாயங்காலம், நொழையக் கூடாத லேசர் ரூமுக்குள்ள போயி, கற்பூரம் கொளுத்தி, விபூதி தூவி, ரெண்டு கண்ணாடிய நாசம் பண்ணிட்டீங்க. அதுதான் குத்தம். பதினாறு வருசமாத் தரை தொடைக்கிறீங்க, எதக் கெடுத்தீங்கன்னுகூடத் தெரியாம எதுத்துப் பேசப் போறீங்களா? அங்க போயி முழிச்சீங்கன்னா, பாத்தீங்களா, ஒண்ணும் தெரியாத பொம்பள, இதுதான் செஞ்சிருக்கும்னு முடிவு பண்ணிடுவாங்க. ஒரு மணி நேரம் இருக்கு. காதக் குடுங்க. புரியலைன்னா தலையாட்டாதீங்க. டாக்டர் அப்படித்தான் ஆட்டுவாரு.

லேசர்னா வெளிச்சம். நம்மளது டயோட் லேசர். ஒரு அரிசி எடுத்துப் பத்துத் துண்டா நறுக்குனா, அதுல ஒரு துண்டு. அவ்வளவுதான் ஆளு. வெலையும் கம்மி, குணமும் கம்மி. நீங்க பக்கத்துல நின்னு மூச்சு விட்டா அதுக்குச் சூடாயிடும். சூடானா நெறம் மாறிடும். நெறம்னு உங்களுக்காகச் சொல்றேன், அதிர்வெண்ணுன்னு சொல்லணும். கண்ணுக்குத் தெரியற மாத்தம் இல்ல. செவப்பு செவப்பாத்தான் இருக்கும். ஆனா அளக்குறவனுக்கு அது நேத்துச் சொன்னத இன்னிக்கு மாத்திச் சொல்ற ஆளு மாதிரி. அத வச்சு என்னத்த அளக்குறது? அதனால அத ஒரே நெறத்துல நிக்க வைக்கணும். நம்ம கம்பெனி பொழப்பே அதுதான். அலையிற ஒண்ண நிக்க வச்சு விக்கிறது.

எப்படி நிக்க வைப்பாங்க? நீங்க குளிக்கிற ரூம்ல பாடுவீங்களா? மாட்டீங்களா? சரி, உங்க மருமகன் பாடுவான்ல, தாமான்ல இருக்குற வீடு முழுக்கக் கேக்குதுன்னு அன்னிக்குச் சொன்னீங்களே. அவன் பாடுறப்ப ஒரு இடத்துல மட்டும் ரூமே சேந்து பாடுற மாதிரி கணீர்னு வரும். மத்த இடத்துல எல்லாம் அவன் கொரலு அவன் கொரலாத்தான் இருக்கும், பாவம். அந்த ஒரு சத்தம்தான் அந்த ரூமோட அகலத்துக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துது. இப்ப ரூமுக்குப் பதிலா ரெண்டு கண்ணாடி. என் கை நீளத்துல பாதிகூட இல்லாத ஒரு கண்ணாடிக் கட்டை, அது சூட்டுக்கு நீளாது, குளிருக்குச் சுருங்காது. ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கண்ணாடி, ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு. வெளிச்சம் நடுவுல போயிப் போயி வரும். அளவு பொருந்துற நெறம் மட்டும் உள்ள தங்கும், மத்ததெல்லாம் வாசல்லயே திரும்பிடும். கட்டைய ஒரு இரும்பு டப்பாவுக்குள்ள வச்சு மூடி, பம்ப்பு போட்டு உள்ள இருக்குற காத்த உறிஞ்சிடுவோம். அந்தக் கட்டைதான் சாமி மாதிரி. சாமி மாதிரின்னு சொன்னது பேச்சுக்கு. நீங்க உடனே கன்னத்துல போட்டுக்காதீங்க.

டோல் வருது. அந்தக் கார்டை எடுங்க. அங்க இல்ல, ஃபைலுக்குக் கீழ.

ம்ம். இப்ப அந்த ரோட்டுக் கோட்டப் பாருங்க. நான் எப்படி ஓட்டுறேன்? நேரா ஓட்டுறேன்னு நெனைக்கிறீங்க. இல்ல. வண்டி கொஞ்சம் இடது பக்கம் போகுது, நான் கொஞ்சம் வலது பக்கம் திருப்புறேன். வலது பக்கம் போனா இடது. நிமிசத்துக்கு அம்பது தடவ. அதே வேலைய லேசருக்கு ஒரு எலக்ட்ரானிக் பெட்டி செய்யுது. ரெண்டு கண்ணாடிக்குள்ள பொருந்துற நெறத்துலேருந்து லேசர் ஒரு துளி அந்தப் பக்கம் போனா, கரண்ட்டக் கொஞ்சம் கூட்டி, கொறச்சு, இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தும். அதுக்குப் பேரு லாக். லாக் நின்னுச்சுன்னா காசு. லாக் விழுந்துச்சுன்னா டாக்டர் மெய்யப்பன் கத்துவாரு. கத்துனா மேசை ஆடும். மேசை ஆடுனா நின்னுக்கிட்டிருந்த இன்னொரு லாக்கும் விழும். நான் சொல்லிப் பாத்தேன். டாக்டர், உங்க கோவத்துக்கு அதிர்வெண் கம்மி, ஆனா வீச்சு அதிகம்னு. அவருக்குப் புரியல.

பினாங்குக்காரங்களுக்குக் குடுக்க வேண்டிய செட்டுதான் நம்ம கழுத்துல வந்து விழுந்துச்சு. இதுவரைக்கும் செய்யாத அளவுக்கு நல்ல கண்ணாடி கேட்டாங்க. ஒரு லட்சம் துளி வெளிச்சம் போயி மோதுனா பத்து மட்டும் தொலையலாம். மீதி எல்லாம் திரும்பணும். அப்படிக் கண்ணாடி போட்டா வெளிச்சம் பத்தாயிரம் தடவ போயிட்டுப் போயிட்டு வரும். நல்லதுதான். ஆனா ஒரு சங்கடம். கண்ணாடி எவ்வளவு சுத்தமோ, பொருந்துற இடம் அவ்வளவு ஒடுக்கம். தோட்டத்துல கால்வாய் மேல ஒத்தப் பலகை போட்டிருப்பாங்கல்ல, அந்த மாதிரி. சாதாக் கண்ணாடின்னா இந்த ஹைவே மாதிரி, லேசர் குடிச்சுட்டு ஓட்டுனாலும் ரோட்ட விட்டு எறங்காது. இதுல ஒத்தப் பலகை. லாரி போனா விழுந்துச்சு. ஏர்கோன் ஓடுனா விழுந்துச்சு. யாரும் ஒண்ணும் செய்யலைன்னா, சும்மாவே விழுந்துச்சு. பதினோரு நிமிசம். எண்ணி வச்ச மாதிரி பதினோரு நிமிசம் நிக்கும், விழும். ரெண்டு மாசம்.

டாக்டர் என்ன செஞ்சாரு தெரியுமா? செம்பனை லாரிய மெதுவாப் போகச் சொல்லிப் பக்கத்து எண்ணெய் ஆலைக்குக் கடுதாசி எழுதுனாரு. அவங்க அதுக்குப் பதிலே போடல, புத்திசாலிங்க. அப்புறம் ரப்பர் மெத்தை வாங்கி மேசைக்குக் கீழ வச்சாரு. அது இன்னும் ஆடுச்சு. அப்புறம் என்னை அடுத்த ரூம்ல போயி உக்காரச் சொன்னாரு, என் உடம்புச் சூடு காரணமாம். என் உடம்புச் சூடு! இருபத்திரெண்டு வருசமா அந்த ரூம்ல நான் இருக்கேன், பரஞ்சோதி கை பட்டாத்தான் கண்ணாடி நேரா நிக்கும்னு மெசின் மாட்ட வந்த ஜப்பான்காரன் சொல்லிட்டுப் போயிருக்கான், என் உடம்பு சூடாம்.

வசந்தன்? அந்த இஞ்சினியர் பையன் வேற தனிக் கூத்து. ஒரு நாள் காலையில வந்து பாக்குறேன், அலை காட்டுற மெசின் மேல முருகன் ஸ்டிக்கர். சின்னதா, மயிலோட. என்னடா இதுன்னு கேட்டா, அண்ணே, சும்மா இருக்கட்டும்ணேங்கறான். சும்மா இருக்கட்டுமாம்! நான் அத உரிச்சு, பசையப் போக ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சு, எல்லாரையும் கூப்பிட்டு வச்சுப் பேசினேன். நீங்க வாளியோட வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்களே. ஞாபகம் இருக்கா? இந்த ரூம்ல சூடு இருக்கு, அழுத்தம் இருக்கு, ஆட்டம் இருக்கு, நாலாவதா ஒண்ணு இல்லைன்னேன். நாலாவது ஒண்ண நம்புறவன் செம்பனை ஆலைக்குப் போயி மண்வெட்டி புடிங்கடான்னேன். பையன் அழுதுட்டான். அழட்டும்னு விட்டேன். நான் அப்படித்தான். எனக்குக் கோயிலும் கெடையாது, காவடியும் கெடையாது, ஜோசியமும் கெடையாது. பேக்கிங் செக்சன்ல வருசா வருசம் நீங்க பூசை போட்டு, கடலை அவிச்சு, மெசினுக்கெல்லாம் சந்தனம் வச்சு, காகிதத்துல மடிச்ச விபூதியோட எல்லார்கிட்டயும் வருவீங்களே. பதினாறு வருசத்துல ஒரு தடவ உங்க கையிலேருந்து வாங்கியிருக்கேனா? கடலைய மட்டும் எடுத்துக்குவேன். அது புரதம்.

என்ன? ஒரு தடவையா? எப்ப?

இருங்கக்கா, லாரி வருது. இவன் எங்க பாத்து ஓட்டுறான்? வால் பக்கம் சிக்னல் லைட்டே இல்ல. போடா, போ. நம்மள எல்லாம் சாட்சியோட சேத்துக் கொல்லப் பாக்குறான்.

எங்க விட்டேன்? சரஸ்வதி பூசை. அன்னிக்கு வியாழக்கிழமை. மத்தியானம் உங்க பூசை முடிஞ்சுது. சாயங்காலம் அஞ்சேகால் மணிக்கு லாக் போட்டோம். அஞ்சு இருவத்தாறு ஆச்சு, விழல. ஆறு மணி, விழல. வெள்ளிக்கிழமை வந்து பாக்குறோம், நிக்குது. லாரி போச்சு, நிக்குது. டாக்டர் பக்கத்துல வந்து கத்திப் பாத்தாரு, நிக்குது. திங்கக்கிழமை வரைக்கும் அசையல. அவரு மொகத்தப் பாக்கணுமே. எல்லாரையும் கேண்டீன்ல கூட்டி, தான் மாத்தி எழுதுன சர்க்யூட்டுதான் காரணம்னு அரை மணி நேரம் பேசுனாரு. ஒரு ரெசிஸ்டர மாத்தியிருந்தாரு மனுசன். மாத்துனதுல ஒரு காலு ஒட்டவே இல்ல, நான் அப்புறம் பாத்தேன். கேக் வெட்டுனாங்க. உங்களுக்கும் ஒரு துண்டு குடுத்தாங்கல்ல? நான் சாப்பிடல.

செவ்வாய்க்கிழமை பினாங்குக்காரரு வந்தாரு. நிக்குதுன்னு காட்டுனோம். அவரு கை தட்டல. வெளிச்சத்தப் பட்டுனு நிறுத்துனாரு, நிறுத்துன பிறகு உள்ள எவ்வளவு நேரம் தங்குதுன்னு அளந்தாரு. கோயில் மணிய அடிச்சுட்டுக் கைய எடுத்தா ஊங்ங்னு இழுக்குமே, அந்த இழுப்பு. நல்ல மணி நெடுநேரம் இழுக்கும். மணி மேல ஒரு துணிய சுத்திட்டு அடிச்சுப் பாருங்க. டொக். அவ்வளவுதான் வந்துச்சு. பத்தாயிரம் தடவ போயிட்டு வர வேண்டிய வெளிச்சம் ஆயிரத்துலயே செத்துப் போச்சு. மூடியத் தொறங்கன்னாரு. தொறந்தோம். கண்ணாடி மேல சாம்பல் பூத்த மாதிரி மெல்லிசாப் படலம். கட்டை மேல வெள்ளைத் தூள். அவரு ஒரு பஞ்சுக் குச்சியில எடுத்து மோந்து பாத்தாரு. சீனரு. அவருக்கே தெரிஞ்சு போச்சு. கற்பூரம்னாரு, நல்ல தமிழ்ல.

அப்புறம் என்ன, கேமரா. நடைபாதையில ஒரு கேமரா இருக்குல்ல. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்கு மருதம்மாள் வாளியோட உள்ள போறா, ஆறு இருவதுக்கு வெளிய வர்றா. உங்க வாளியில கெடந்த துணிய எடுத்துப் பாத்தா விபூதி. வேற என்ன வேணும்? அந்தக் கேமராவுல நானும் போறேன், நாப்பது தடவ போறேன், வர்றேன். டெக்னீசியன் லேபுக்குள்ள போனா அது செய்தியா? காவலுக்கு நிக்கிற ஜாகா அண்ணன் என் மூஞ்சி வந்தாலே வீடியோவ வேகமா ஓட்டுறாரு.

டாக்டர் எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டாரு. மிஸ்டர் பரஞ்சோதி, உங்க கருத்து என்னன்னு. நீங்க கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தீங்க.

ஞாபகம் இருக்கா? எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கு. படிக்காத சனம் டாக்டர், சாமின்னா எங்க வேணும்னாலும் கொளுத்தும், நாமதான் கதவப் பூட்டியிருக்கணும்னேன். நல்ல வாக்கியம். அந்த ஃபைல்ல ரெண்டாவது பக்கத்துல அப்படியே இருக்கு, அடிக்கோடு போட்டு. மெய்யப்பனுக்குச் சொந்தமா ஒரு வாக்கியம் எழுத வராது, நம்மளது கெடைச்சா விடமாட்டாரு.

தண்ணி வேணுமா? பின் சீட்டுல இருக்கு. ஏர்கோனக் கொறைக்கவா? குளுருதுன்னா சொல்ல வேண்டியதுதானே, சேலையத் தலைக்கு மேல இழுத்து மூடிக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்.

ஜெராய் மலை போயிருச்சு பாருங்க. குருண் தாண்டிட்டோம். இனிமே வயலுதான், பெண்டாங் வரைக்கும் வயலு, அப்புறமும் வயலு.

தோட்டத்துக் கோயில்ல இப்ப உங்கள வெளக்கேத்தக் கூப்பிடுறதில்லையாமே? பேக்கிங்ல குணவதி சொன்னா. கற்பூரத்தக் கண்ட எடத்துல கொளுத்திக் கம்பெனிக் குடிய கெடுத்தவ கைன்னு பேசிக்கிறாங்களாம். பாத்தீங்களா, நம்ம ஆளுங்க புத்தி. கம்பெனிக்காரன் அறிவியல் பேசித் தொரத்துறான், கோயில்காரன் ராசி பேசித் தொரத்துறான். ரெண்டும் ஒரே கடுதாசிய வச்சு. நான் கோயில் கமிட்டித் தலைவர் பக்கிரிசாமிகிட்டப் போயி நாலு வார்த்தை கேட்டேன். ஆமா, நாந்தான், கோயில் வாசல்ல. செருப்பக் கழட்டிட்டுத்தான் போனேன். என்ன ஆச்சரியம்? அவரு சொல்றாரு, பரஞ்சோதி, ஒங்க ஆபீஸ்ல நீங்கதானே அவ செஞ்சான்னு சொன்னீங்கன்னு. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

சரி. பாடத்துக்கு வருவோம். ஒரு கேள்வி கேட்டு முடிச்சுடுறேன். அழுக்குக் கண்ணாடிய வச்சுக்கிட்டு லாக் எப்படி நாலு நாள் நின்னுச்சு? யாரும் கேக்கல. பினாங்குக்காரரு கேக்கல, டாக்டர் கேக்கல, கேட்டா அவரு ரெசிஸ்டர் பேரு போயிடும். நான் மட்டும்தான் கேட்டேன், என்கிட்டயே. ஒரு வாரம் எடுத்துச்சு விடை கெடைக்க. நீங்க கெட்டிக்காரியா இருந்தா இப்பவே சொல்லிடலாம், எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். கண்ணாடி சுத்தமா இருந்தா ஒத்தப் பலகை. அழுக்காச்சுன்னா?

ஆங்! ஹைவே. பலகை அகலமாயிடுச்சு. வெளிச்சம் உள்ள தங்கல, அதனால பொருந்துற இடம் பத்து மடங்கு பெரிசாப் போச்சு. லேசர் எப்படி ஆடுனாலும் ரோட்டுலயே இருக்கு. விழவே இல்ல. ஆனா ரோட்டுல எங்க இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அளக்குறவனுக்கு அது குப்பை. டாக்டர் மெய்யப்பனுக்குப் பாதிகூட இது வெளங்காது, உங்களுக்கு வெளங்கிடுச்சு. தரை தொடைக்கிற வேலைய அவருக்குக் குடுத்துட்டு உங்கள டைரக்டராப் போடலாம்.

அதாவது, நான் நெனச்சேன், சாமி நிறுத்துச்சுன்னு. நாலு நாளு அப்படித்தான்க்கா நெனச்சேன். அழுக்கு நிறுத்தியிருக்கு.

அலோர்ஸ்டார் எக்சிட் இதுதானே? இடது பக்கம் யாரும் வர்றாங்களா பாருங்க.

அன்னிக்கு எனக்கு வேற வழி தெரியல. காலையில டாக்டர் சொல்லிட்டாரு, செவ்வாய்க்கிழமை லாக் நிக்கலைன்னா பெரிய கண்ணாடி வேலையெல்லாம் மூடிட்டு பேக்கிங்குக்குப் போங்க மிஸ்டர் பரஞ்சோதின்னு. நாலரைக்கு எல்லாரும் கெளம்பிட்டாங்க. நான் பம்ப்ப நிறுத்தி, காத்து விட்டு, மூடியத் தொறந்து, கண்ணாடியத் திருகி ஒரு மயிரிழை சாச்சு, ஸ்க்ரூ டப்பா மூடியில கற்பூரத்த வச்சுக் கொளுத்தி, கட்டைக்கு விபூதி போட்டு, திரும்ப மூடி, பம்ப்ப ஓட விட்டு லாக் போட்டேன். அஞ்சேகால்.

ம்ம். நாந்தான்.

சிக்னல்ல நிக்கிறோம், கத்துறதா இருந்தா இப்பக் கத்தலாம். திட்டுங்க. அறைஞ்சாலும் சரி, பெல்ட்டு எட்ட விடாது, இருந்தாலும். கண்ணாடி கெட்டதுக்காக வாய மூடிக்கிட்டு இருந்தேன்னு நெனைக்கிறீங்களா? இல்லக்கா. கண்ணாடிய ஒடச்சேன்னு சொல்லியிருப்பேன், பயமில்ல. ஏற்கெனவே ரெண்டு ஒடச்சிருக்கேன். சாமி கும்பிட்டேன்னு சொல்ல முடியல. வசந்தன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? அந்த மயில் ஸ்டிக்கர உரிச்ச கையி. சிரிப்பானுங்க. அதுக்குத்தான். அவனுங்க சிரிப்புக்குப் பயந்துதான் உங்க வேலையத் தூக்கிக் குடுத்தேன்.

என்ன சொன்னீங்க?

தெரியுமா?

எப்படித் தெரியும்? கேமராவுக்கே தெரியல.

ஓ. பதினாறு வருசமா விபூதி வாங்காதவன் அன்னிக்கு உங்க கையிலேருந்து வாங்குனேன். ஆமா, அங்க மேசையில வச்சுட்டுப் போங்கக்கான்னு சொன்னேன். ஒரே ஒரு தடவ. அதத்தான் அப்பச் சொல்ல வந்தீங்க, நான் லாரியக் காட்டுனேன்.

தரையிலயா? மேசைக் காலுகிட்டயா? நான் பாக்கல. அவசரத்துல கொட்டியிருக்கும். பரஞ்சோதித் தம்பிக்கு யாராவது ஏச்சு குடுப்பாங்கன்னு துணிய நனச்சுத் தொடச்சீங்களா? அந்தத் துணியத்தான் அவனுங்க…

சரி. சரிக்கா. ஏன் சொல்லல? அன்னிக்குக் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தீங்களே, நான் அந்த வாக்கியத்தச் சொன்னப்ப. வாயத் தொறந்திருந்தா நான் அங்கயே காலி.

உள்ள போனியான்னு மட்டும்தான் கேட்டாங்களா. போனேன்னு சொன்னீங்க. சரியான பதில்தான். கேள்விதான் அரைகுறை. நானும் கேக்கல, ஆமா. இந்த மூணு மாசத்துல நீங்களா செஞ்சீங்கன்னு உங்களக் கேக்காத ஒரே ஆளு நாந்தான், அதுலேருந்தே கண்டுபிடிச்சிருக்கலாம். ஓகோ, அதையும் கண்டுபிடிச்சீங்களா. இன்னிக்குக் காடி அனுப்புறேன்னு சொல்லாம நானே வர்றேன்னு ஃபோன் போட்டதும், சொல்லத்தான் வர்றான், ஒரு மணி நேரம் சுத்தி வளைச்சுட்டுச் சொல்வான்னு தெரிஞ்சுதான் ஏறுனீங்க. நான் உங்களுக்கு ரெண்டு கண்ணாடி பாடம் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.

இதுதான் ஆபீசு. பார்க்கிங் அந்தப் பக்கம். ஒம்பது நாப்பத்தஞ்சு. என்னைத்தான் மொதல்ல உள்ள கூப்பிடுவாங்க, கம்பெனி சாட்சின்னு. ஃபைலு இங்கயே கெடக்கட்டும். கற்பூரம் கொளுத்துனேன், விபூதி போட்டேன், கும்பிட்டேன், இந்த வரிசையிலயே சொல்லிடுறேன். கும்பிட்டேங்கறத விட்டுட்டா மத்ததுக்குக் காரணம் இருக்காது. மெய்யப்பன் அங்கயேதான் உக்காந்திருப்பாரு. வசந்தனும் வந்திருக்கான், அந்தா, அவன் மோட்டார் சைக்கிளு நிக்குது.

சிரிக்கிறீங்களா? கோலா கெத்தில்லேருந்து ஒரு பல்லுகூடத் தெரியல, இப்பச் சிரிக்கிறீங்க.

என்ன கேக்குறீங்க? என்னன்னு வேண்டுனேனா? அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு. பன்னெண்டு நிமிசம் நின்னாப் போதும்னு வேண்டுனேன். ஒரு நிமிசம்தான் கூடக் கேட்டேன், பேராசைப்படல.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. உள்ள போறதுக்கு முன்னாடி எனக்கும் கொஞ்சம் பழகட்டும். இருங்க, அந்த பெல்ட்ட இழுக்காதீங்க. அந்தச் செவப்புல அமுக்கணும். அது கெட்டியாப் புடிச்சுக்கும், நானே வந்து கழட்டி விடுறேன்.